குரோஸ் கணக்கும் நொடிக் கணக்கும்

உடம்பின் அசைவை எண்ணுவது சிவகாசிப் பக்கத்தில் புதிய வேலை இல்லை. தீப்பெட்டி ஒட்டினாலும், வெடிக்குத் திரி வைத்தாலும், சரவெடி பின்னினாலும் கூலி எண்ணிக்கையில்தான். ஒரு குரோஸ் என்றால் 144. வாரக் கடைசியில் நோட்டில் ஏறுவது எத்தனை குரோஸ் என்பது மட்டும். வேலை செய்த பெண் எத்தனை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள், எந்நேரத்துக்குக் கை தளர்ந்தது, கழுத்து எப்போது இறுகியது என்பதெல்லாம் அந்த நோட்டில் ஏறுவதில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த விருதுநகர் மாவட்டத்துப் பெண்களின் விரல்கள் இப்படித்தான் அளக்கப்பட்டன.

அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று பள்ளி மைதானத்தில் ஓடுகிறார்கள், கபடி ஆடுகிறார்கள், சிலம்பம் சுற்றுகிறார்கள். உலகின் பெரிய மைதானங்களில் வீரர்களின் காலை இப்போது கேமராவும் கணினியும் எண்ணத் தொடங்கிவிட்டன. இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று புள்ளி வைத்து, ஒவ்வோர் அடியையும் செயற்கை நுண்ணறிவு படித்துச் சொல்கிறது. அந்த எண்ணிக்கை ஒருநாள் திருத்தங்கலுக்கும் வெம்பக்கோட்டைக்கும் வத்திராயிருப்புக்கும் வந்தே தீரும். அம்மாவின் விரலை எண்ணியது கூலிக்காக. மகளின் காலை எண்ணினால், அது யாருக்காக?

என்னோடு எட்டாம் வகுப்பு படித்த ஒருத்தி எங்கள் ஒன்றியத்திலேயே வேகமாக ஓடக்கூடியவள். பி.டி. சாரிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச். கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். கைக்குட்டை இறங்கினால் ஒரு அமுக்கு, நெஞ்சு கோட்டைத் தொட்டால் இன்னொரு அமுக்கு. எங்கள் விளையாட்டு விஞ்ஞானம் அவ்வளவுதான். அடுத்த வருடம் அவளுக்கு இடது முழங்கால் வீங்கியது. எண்ணெய் தடவினார்கள், கட்டுப் போட்டார்கள், கடைசியில் இனி ஓட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வீங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே அவள் அந்தக் காலைத் தயங்கித் தயங்கித்தான் ஊன்றியிருப்பாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதைப் பார்க்கிற கண் அப்போது எங்களில் யாருக்கும் இல்லை.

சென்னையில் இருக்கும் கண்

சென்னை ஐ.ஐ.டி.யில் விளையாட்டு அறிவியலுக்கும் தரவுப் பகுப்பாய்வுக்கும் என்றே ஒரு சிறப்பு மையம் இருக்கிறது. 2022-இல் அதன் ஆய்வாளர்கள், கர்நாடகத்தின் பெல்லாரிப் பகுதியில் விஜயநகரத்தில் இயங்கும் இன்ஸ்பயர் விளையாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து குத்துச்சண்டைக்காக ஸ்மார்ட்பாக்ஸர் என்ற ஏற்பாட்டை உருவாக்கியதாக அறிவித்தார்கள். கையுறைக்குள் அழுத்தத்தை உணரும் சென்சார். காலணியின் உள்ளட்டையில், வீரர் தரையை எவ்வளவு விசையோடு உந்துகிறார் என்று அளக்கும் சென்சார். மேலுடம்பின் அசைவைப் பிடிக்க ஒரு சிறு கருவி. கூடவே வீடியோ. இவை அனைத்தும் அனுப்பும் எண்களைக் கணினி ஒன்றாகக் கோத்து, எந்தக் குத்து எப்படி விழுந்தது என்று பிரித்துச் சொல்லும்.

குத்துச்சண்டையை அளக்கக் காலுக்கு ஏன் சென்சார் என்று கேட்கத் தோன்றும். குத்து கையில் பிறப்பதில்லை. பாதம் தரையை உந்துகிறது, அந்த விசை இடுப்பு வழியே சுழன்று, தோளைக் கடந்து, முஷ்டிக்கு வருகிறது. நல்ல பயிற்சியாளர்கள் அனைவருக்கும் தெரிந்த விஷயம்தான். பின்னங்கால் சோம்பியிருந்தால் எத்தனை சதவீதம் விசை குறைகிறது என்று வீரருக்கே காட்ட முடிவது புதிது.

இந்த ஏற்பாடு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து அறிவிக்கப்பட்டது. பாரிஸில் இந்தியாவுக்குக் குத்துச்சண்டையில் ஒரு பதக்கமும் வரவில்லை. கருவி பதக்கம் வாங்கித் தராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதக்கத்தைக் காட்டித்தான் இந்தத் தொழில்நுட்பத்தை விற்கிறார்கள்; பதக்கம் வராத வருடத்தில் அதைத் தூக்கி எறிந்துவிடும் ஆபத்தும் அதனாலேயே வருகிறது.

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தின் விளையாட்டு அறிவியல் மையத்தில், பந்துவீச்சாளரின் முழங்கை விதிப்படி அனுமதிக்கப்பட்ட 15 டிகிரிக்குள் நீள்கிறதா என்று ஐ.சி.சி. அங்கீகாரத்தோடு சோதிக்கிறார்கள். உடம்பெல்லாம் ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்கள் வைத்து எடுக்கும் சோதனை அது. துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் விருதுநகரிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர். ஆலைக்கு ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி போய்விடும் வீட்டிலிருந்து, முழங்கால் லேசாக வலிக்கிறது என்பதற்காக எந்தக் குழந்தையும் போரூருக்குப் போகப் போவதில்லை.

செல்போனில் இருக்கும் கண்

நம் ஊருக்குப் பொருந்தும் செய்தி வேறிடத்தில் இருக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் ஓப்பன்போஸ் என்ற நிரலை வெளியிட்டார்கள். எந்த உருண்டையும் ஒட்டாமல், சாதாரண வீடியோவிலிருந்தே மனித உடம்பின் மூட்டுகளைக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்தது அது. 2020-இல் கூகுளின் பிளேஸ்போஸ் வந்தது. உடம்பில் 33 புள்ளிகள். செல்போனுக்குள்ளேயே ஓடும், இணையம் வேண்டாம், காசும் வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் ஓட்டத்தை ஒளிபரப்பியபோது எந்த வீரர் எந்த இடத்தில் உச்ச வேகம் தொட்டார் என்று திரையில் காட்டிய இன்டெல் நிறுவனத்தின் 3டேட் தொழில்நுட்பமும் இதே குடும்பம்தான்.

இதை மைதானத்தில் எப்படிப் பயன்படுத்துவது? முழு வேகத்தில் ஓடும் தேர்ந்த வீரரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் தரையில் படுவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், அல்லது அதற்கும் குறைவு. செல்போன் வழக்கமாக நொடிக்கு 30 படம் எடுக்கும். அப்படியானால் பாதம் தரையில் இருக்கும் நேரத்துக்குக் கிடைப்பது மூன்றே படம். அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதே போனில் ஸ்லோ மோஷன் வசதியைத் திறந்து நொடிக்கு 240 படம் எடுத்தால் 24 படம் கிடைக்கும். இடது கால் வலது காலைவிட நொடியில் நூறில் ஒரு பங்கு அதிகம் தரையில் தங்குகிறது என்றால், அது இரண்டு மூன்று படங்களின் வித்தியாசமாகத் தெரிந்துவிடும். ஒருநாள் தெரிந்தால் கவலை இல்லை. நான்கு வாரம் தொடர்ந்து அந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் அந்தக் குழந்தையை உட்கார வைத்து, காலைத் தொட்டுப் பார்த்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். என் வகுப்புத் தோழிக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பிள்ளைகளை அழவைக்கும் விஷயம். கையால் அமுக்கும் ஸ்டாப்வாட்ச் எப்போதும் ஓட்டக்காரருக்குச் சாதகமாகவே பொய் சொல்லும். துப்பாக்கிச் சத்தம் கேட்டு விரல் அமுக்குவதற்குள் சிறிது நேரம் ஓடிவிடுகிறது. அதனால் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 100 மீட்டருக்கு 0.24 நொடி கூட்டிக்கொள்வது தடகள வழக்கம். பள்ளியில் 12.8 ஓடிய பெண் பெரிய போட்டியில் மின்னணுப் பலகையில் 13.04 என்று பார்த்ததும் தான் சரியாக ஓடவில்லை என்று நினைத்துக் கலங்கிப் போகிறாள். அவள் அதே வேகத்தில்தான் ஓடியிருப்பாள். வீடியோவில் படங்களை எண்ணிக் கணக்கிட்டால் இந்தப் பொய் பள்ளியிலேயே தீர்ந்துவிடும்.

ஓட்டத்தில் நேரம் மட்டுமே செய்தி இல்லை. 2009-இல் பெர்லினில் உசேன் போல்ட் 9.58 நொடியில் ஓடியபோது எடுத்து வைத்தது 41 அடிகள், சராசரியாக ஓர் அடிக்கு 2.44 மீட்டர். நம் பெண் எத்தனை அடியில் முடிக்கிறாள், அடி நீளமா குறைவு, அடி விழும் வேகமா குறைவு? இரண்டில் எது என்று தெரியாமல் “இன்னும் வேகமா ஓடு” என்று கத்துவதில் பயன் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கேமரா ஆழத்தைச் சரியாகக் கணிக்காது. ஆகவே ஓட்டப்பாதைக்கு நேர் குறுக்காக, இடுப்பு உயரத்தில், ஆடாத முக்காலியில் போன் இருக்க வேண்டும். தரையில் சுண்ணாம்புப் பொடியால் 10 மீட்டருக்கு இரண்டு கோடு போட்டிருக்க வேண்டும். தொளதொளவென்ற சுடிதார் முழங்காலை மறைத்தால் நிரல் புள்ளியைத் தப்பான இடத்தில் வைக்கும். மகள் டிராக் பேன்ட் போட்டு ஓடுவதற்கே வீட்டில் தயங்கும் ஊர்களில் இது சின்னப் பிரச்சினை இல்லை. டீச்சர் அம்மாவிடம் பேசித்தான் தீர்க்க வேண்டும், எந்த நிரலும் அதைச் செய்யாது. சிலம்பத்துக்கும் கபடிக்கும் வேறு சிக்கல் இருக்கிறது. இந்த நிரல்கள் பார்த்துப் பழகிய படங்களில் உலகம் அதிகம் ஆடும் விளையாட்டுகளே நிறைந்திருக்கின்றன. கபடியில் ஏழு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழும்போது எந்தக் கை யாருடையது என்று கணினி குழம்பிவிடும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. சிலம்பத்தின் அடிவரிசையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை வெளிநாட்டுக்காரர் வந்து செய்யப் போவதில்லை. நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும்.

வெளியூர் வித்தையைக் கற்று வந்து தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது இந்த ஊருக்குப் பழக்கமான காரியம். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்ததிலிருந்துதான் இன்றைய சிவகாசி தொடங்குகிறது.

கோவில்பட்டி வரை ஒரு நடை

சாத்தூரைத் தாண்டி நான்கு வழிச்சாலையில் தெற்கே போனால் கோவில்பட்டி. மாவட்டம் மாறுகிறது, கரிசலும் தீப்பெட்டி ஆலையும் மாறுவதில்லை. அந்த ஊருக்கு ஹாக்கி மேல் இருக்கும் பித்து ஊரறிந்தது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரே மைதானத்தில் இருக்கும். கோவில்பட்டிப் பயிற்சி மையத்தில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். இந்தியா வெண்கலம் வென்றது. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, உலக ஹாக்கி நம் வாசலுக்கே வந்துவிட்டது.

இந்திய ஹாக்கி வீரர்கள் பயிற்சியின்போது தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஜி.பி.எஸ். கருவியை அணிகிறார்கள். ஹாக்கியில் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். யாரை, எப்போது வெளியே எடுப்பது என்பதுதான் பயிற்சியாளரின் பாதி வேலை. களைத்த வீரன் தான் களைத்ததை ஒத்துக்கொள்ள மாட்டான். அவனுடைய உச்ச வேகம் குறைவதை, திடீர்ப் பாய்ச்சல்கள் குறைவதைக் கருவி சொல்லிவிடும். 2024-இல் கூகுள் டீப்மைண்ட் லிவர்பூல் கால்பந்து கிளப்போடு சேர்ந்து, 7,176 கார்னர் கிக்குகளைக் கணினிக்குக் காட்டி, யாரை எங்கே நிறுத்தினால் நல்லது என்று யோசனை சொல்லும் டாக்டிக்ஏஐ என்ற அமைப்பைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. ஹாக்கியின் பெனால்டி கார்னருக்கும் அதே வழி திறந்திருக்கிறது. கோவில்பட்டிப் போட்டியின் ஆட்டங்களை வருடந்தோறும் முறையாக வீடியோ எடுத்துச் சேர்த்து வைத்தால், பத்து வருடத்தில் அது தமிழ்நாட்டு ஹாக்கிக்குப் பெரிய சொத்து.

வடிகட்டியா, தாங்கு கையா?

எனக்கு உண்மையான பயம் இருக்கும் இடத்துக்கு வருகிறேன்.

2024-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியும் இன்டெல் நிறுவனமும் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் ஐந்து கிராமங்களுக்குப் போய், 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் ஓட்டம், தாவல், எதிர்வினை வேகம் ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவால் சோதித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் திறமை இருப்பதாகக் கணினி சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் நம் ஒன்றிய அரசு கீர்த்தி என்ற திட்டத்தைச் சண்டிகரில் தொடங்கியது. 9 முதல் 18 வயதுவரை உள்ளவர்களை நாடு முழுக்கச் சோதித்து, தரவையும் செயற்கை நுண்ணறிவையும் கொண்டு திறமையாளர்களைத் தேடும் திட்டம். 20 லட்சம் சோதனைகள் இலக்கு. நோக்கம் நல்லது. சென்னையைப் பார்த்தேயிராத பிள்ளைக்கும் கதவு திறக்கும் என்பதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் பதின்மூன்று வயதில் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியில் மூன்று நான்கு வருட வித்தியாசம்கூட இருக்கலாம். சீக்கிரம் வளர்ந்துவிட்டவன் எல்லாச் சோதனையிலும் ஜெயிப்பான். அவனை எடுத்துக்கொண்டு மற்றவனைத் தள்ளிவிட்டால், கணினி கண்டுபிடித்தது திறமையை இல்லை, வயதுக்கு முந்திய வளர்ச்சியை. ஊட்டம் குறைந்த குழந்தை தாமதமாக வளரும். பட்டாசுக் கிராமங்களின் குழந்தைகள் எந்தப் பக்கம் தள்ளப்படுவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்று கைவசம் இருக்கிறது. நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை, பிறந்த தேதி ஆகியவற்றைக் கொண்டு, ஒரு பிள்ளை தன் வளர்ச்சியின் உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று ஓரளவு கணக்கிடும் சூத்திரத்தை ஆய்வாளர்கள் 2002-லேயே வெளியிட்டார்கள். தேவை ஓர் அளவு நாடாவும் ஓர் எடைக்கருவியும் உட்கார ஒரு முக்காலியும். எந்தத் தேர்விலும் இந்தக் கணக்கு கட்டாயம் சேர வேண்டும். ஒருமுறை சோதித்து முத்திரை குத்துவதை விட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

உடம்புக்குள்ளே பார்க்க வேண்டியதும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த பெண் 600 மீட்டரில் மூச்சு வாங்கி நின்றால், அவளுடைய ஓட்ட முறையில் 33 புள்ளி வைத்துத் தப்பு தேடுவது அநியாயம். முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது பள்ளிக்கு வர வயிறு நிறைய வேண்டும் என்றார்கள். மைதானத்துக்கும் அதுவே முதல் விதி. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நான் விளையாட்டுத் திட்டமாகவும்தான் பார்க்கிறேன்.

வெயில் இன்னொன்று. மழை குறைந்த இந்த வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வரமாக இருந்தது. ஓடுகிற குழந்தைக்கு அது மறைவான எதிரி. காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடுகிறது, சட்டை நனைவதில்லை, எவ்வளவு நீர் போனது என்பது குழந்தைக்கே தெரிவதில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் போதும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. இந்த எண்களை ஒரு மாதம் சேர்த்து வைத்தால், எந்தப் பிள்ளைக்கு எந்த நேரப் பயிற்சி ஆபத்து என்று மிக எளிய நிரலே சொல்லிவிடும்.

எப்போது கருவியை எடுக்கக் கூடாது என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு முதலில் புரட்டிப் போட்ட விளையாட்டு சதுரங்கம். அந்த விளையாட்டில் 2024 டிசம்பர் 12 அன்று, 18 வயதில் உலக சாம்பியனான சென்னை குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா தொடக்க ஆண்டுகளில் கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. முதலில் தானாக யோசிக்கப் பழகட்டும் என்று வைத்திருந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு மைதானத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். நொண்டி, கிளித்தட்டு, பாண்டி என்று கால் எல்லாத் திசையிலும் ஓடிப் பழகட்டும். புள்ளியும் வரைபடமும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு மேல் போதும்.

கடைசியாக, அந்த எண்கள் யாருடையவை? 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. எதை எடுக்கிறோம், எங்கே வைக்கிறோம், எப்போது அழிப்போம் என்று டீச்சர் தமிழில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் ஓடும் வீடியோ யாருடைய சொந்தப் போனிலும் தங்கக் கூடாது. பள்ளிக்கென்று தனி போன், பீரோவில் பூட்டு. கூலி நோட்டு எப்போதும் கணக்குப்பிள்ளையிடம்தான் இருந்தது. மகளின் நோட்டு மகளிடம் இருக்கட்டும்.

பெரிய ஆய்வகம் ஒன்று இந்த மாவட்டத்துக்கு வரட்டும் என்று கேட்க எனக்கும் ஆசைதான். அதற்குக் காத்திருக்க வேண்டாம். மாவட்ட நிர்வாகம் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைக்கலாம். பொறியியல் கல்லூரிகள் ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் இரண்டு மாணவரை அனுப்பலாம். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலதிபர்கள் தங்கள் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஓர் எடைக்கருவியும் நிழற்பந்தலும் குடிநீரும் தரலாம். இதைப் படிக்கும் உங்கள் வீட்டில், ஸ்லோ மோஷன் எடுக்கக்கூடிய பழைய செல்போன் ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கலாம். அதை முழுவதும் அழித்துச் சுத்தமாக்கி, ஒரு முக்காலியோடு, உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் பி.டி. டீச்சரிடம் கொண்டு போய்க் கொடுங்கள்.